கூட்டத்தின் கடைசிக் கப்பல்

விட்பி
1809 ஆகஸ்ட் 6

அன்புத் தம்பி ரால்ஃபுக்கு அக்கா டாரத்தி எழுதுவது.

நானும் ஹன்னாவும் சுகம். உன் காய்ச்சல் முழுக்க விட்டதா? போன கடிதத்தில் "பரவாயில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். சின்ன வயதிலிருந்தே நீ பரவாயில்லை என்று சொன்னால்தான் எனக்குப் பயம்.

உன் அத்தான் ஸ்டாக்ஹோமில் இரும்பும் தாரும் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் கடைசியில் புறப்படும் கப்பல் கூட்டத்தோடு வந்துவிடுவதாக எழுதியிருந்தார். நான்தான் வேண்டாம் என்று பதில் போட்டேன். அதற்கு அடுத்த கூட்டத்துக்குத்தானே உன் 'டன்லின்' காவல் வருகிறது? ஒரு மாதம் தாமதமானாலும் அதிலேயே வாருங்கள் என்று எழுதிவிட்டேன். "உன் தம்பி லெப்டினன்ட் ஆனதுலேர்ந்து கடலே உங்க வீட்டுக் கொல்லைன்னு நெனச்சுட்டியா?" என்று கேலி பண்ணுவார். பண்ணட்டும். டேனிஷ்காரர்கள் துடுப்புப் படகில் பீரங்கியை ஏற்றிக்கொண்டு, காற்று நிற்கும் நேரம் பார்த்து வந்து, பின்தங்கிய கப்பலை இழுத்துக்கொண்டு போகிறார்களாம். இங்கே துறைமுகம் முழுக்க இதே பேச்சு.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அவருடைய 'அமிட்டி' உன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வரட்டும்.

ஹன்னாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மாமா வந்தால் வாயைத் திறக்கவே மாட்டாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
டாரத்தி ஹார்லண்ட்


'டன்லின்' கப்பல், ஹானோ தீவு நங்கூரத்துறை
செப்டம்பர் 24

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்பு தேறிவிட்டது. இது நிஜமான பரவாயில்லை. ஆனால் அதே காய்ச்சல் என் ஆட்களை வாரிக்கொண்டு போய்விட்டது. ஐம்பது பேர் இருக்க வேண்டிய கப்பலில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம். எட்டுப் பேரின் உடலைக் கடலில் இறக்கினோம். மற்றவர்கள் கரையில் படுத்திருக்கிறார்கள்.

அத்தான் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார். கூட்டத்தில் வரும் ஒவ்வொரு வணிகக் கப்பலின் கேப்டனுக்கும் தளபதி எழுதிய உத்தரவைக் கொடுத்து வாசித்துக் காட்டுவது என் வேலை. நூற்றிருபது பேருக்கு வாசித்துத் தொண்டை கட்டிவிட்டது. அத்தான் நிதானமாக உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு கப்பலும் தனக்குரிய இடத்திலேயே வர வேண்டும், தளபதி ஒரு பீரங்கி சுட்டால் இன்னும் பாய் விரிக்க வேண்டும், விளக்கை இப்படி வைக்க வேண்டும் என்று பதினாறு பத்திகளையும் கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரி மச்சான், காத்துக்கு ஒரு பிரதி குடுத்தீங்களா?" என்றார். இங்கிலாந்துக் கரை கண்ணுக்குத் தெரியும்வரை காவல் கப்பல்கள் கூட்டத்துக் கப்பல்களிலிருந்து ஒரு மாலுமியைக்கூடக் கட்டாயச் சேவைக்கு எடுக்கக் கூடாது என்ற பத்தியை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அவரிடம் ஒன்பது பேர்தான், ஆனால் அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள். சர்ச் தெரு பைபஸ் அம்மாவின் மகன் ஜோனஸ்தான் சுக்கான் பிடிக்கிறான்.

நேற்றுப் பாய் மாற்றும் பயிற்சியில் 'டன்லின்' கடைசி. தளபதி என் கப்பலின் எண்ணைக் கொடியில் ஏற்றி, பீரங்கியும் சுட்டார். நூற்றிருபது கப்பலும் திரும்பிப் பார்த்தன. அது போகட்டும்.

கூட்டத்தின் கடைசிக் கப்பலுக்கும் பின்னால் வருவது நான். பின்தங்குகிறவர்களை விரட்டுவது என் பொறுப்பு. ஆகவே அமிட்டி என் கண்ணை விட்டுப் போக வழியே இல்லை. நிம்மதியாக இரு.

உன் தம்பி
ரால்ஃப்


'டன்லின்', யார்மத்
அக்டோபர் 29

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. அமிட்டி வரவில்லை. அத்தான் உயிரோடு இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 11-ஆம் தேதி பெல்ட் நீரிணையில் வந்துகொண்டிருந்தோம். மதியத்துக்குமேல் காற்று விழுந்துவிட்டது. தீவுக்குப் பின்னாலிருந்து ஆறு டேனிஷ் பீரங்கிப் படகுகள் வந்தன. மூன்று கப்பல்களைப் பிடித்தார்கள். காலையிலிருந்தே அமிட்டி பின்தங்கிக்கொண்டு வந்தது. ஒரு குண்டு அதன் முன்னால் விழுந்ததும் அத்தான் கொடியை இறக்கிச் சரணடைந்துவிட்டார். தொலைநோக்கியில் பார்த்தேன். மேல்தளத்தில் நடமாட்டம் இருந்தது, யாருக்கும் அடி பட்டதாகத் தெரியவில்லை. எல்லாக் கப்பல்களையும் நெருங்கி வரச் சொல்லித் தளபதியின் கொடி ஏறியது. நான் கூட்டத்தோடு போய்விட்டேன்.

கைதிகளை அவர்கள் மோசமாக நடத்துவதில்லை. பரிமாற்றத்தில் விடுவிப்பார்கள். ஹன்னாவிடம் நீ எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ரால்ஃப்


விட்பி
நவம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாகத் திரும்பியதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். நாங்கள் இருக்கிறோம். சாப்பிடுகிறோம்.

என்னைத் திட்டி ஒரு வரி எழுதியிருக்கலாம் நீ. எழுதவில்லை. ஆகஸ்ட் கூட்டத்தில் போன கப்பல்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்துவிட்டன. அவர் அதில் வருகிறேன் என்றுதான் சொன்னார். இருங்கள், என் தம்பியோடு வாருங்கள் என்று பிடித்துவைத்தது நான். இரவு படுத்தால் நான் எழுதிய அந்தக் கடிதம் வரி வரியாக ஞாபகம் வருகிறது. என் கையாலேயே அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன் ரால்ஃப்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அமிட்டி ஏன் பின்தங்கியது? ஏப்ரலில்தான் அடிப்பாகம் சுரண்டித் தார் பூசினார்கள். பாய் எல்லாம் புதிது. போன வருஷம் கூட்டத்தின் முன்வரிசையில் வந்த கப்பல் அது. பக்கத்திலேயே இருந்தாயே, உனக்கு என்ன தோன்றியது?

பைபஸ் அம்மா தினமும் வருகிறாள். ஜோனஸும் அவரோடுதானே போயிருக்கிறான். "உன் புருஷனோட இருக்கான்ல, என் பிள்ள பட்டினி கெடக்க மாட்டான்" என்று எனக்கே தைரியம் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து கோயில் படி ஏறுகிறோம். நூற்றுத்தொண்ணூற்றொன்பது படிக்கும் நடுநடுவே நின்று, "டென்மார்க்ல குளிரு இங்க மாதிரிதானா?" என்று கேட்பாள். எழுதிக் கேட்கிறேன் என்றேன். உனக்குத் தெரியுமா?

உடம்பைக் கவனி.

உன் அக்கா
டாரத்தி


ஷீர்னஸ்
டிசம்பர் 1

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ காத்திருக்கச் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கப்பல்கள் பின்தங்க ஆயிரம் காரணம் உண்டு. நீரோட்டம் இருக்கிறது, சுமை இருக்கிறது. யாரைக் குறை சொல்வது? யாருடைய தவறும் இல்லை.

கப்பலைப் பழுது பார்க்கிறார்கள். வேலை அதிகம். இத்துடன் பைபஸ் அம்மாவுக்கு ஒரு கம்பளியும் கொஞ்சம் தேயிலையும் அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிர் இங்கே மாதிரிதான் இருக்கும்.

ரால்ஃப்


விட்பி
1810 ஜனவரி 7

அன்புத் தம்பி ரால்ஃபுக்கு,

கடிதம் வந்துவிட்டது! அவர் கைப்பட எழுதியது. ஜட்லாந்தில் ஒரு பழைய தானியக் கிடங்கில் வைத்திருக்கிறார்களாம். ஒரு பக்கத்துக்குமேல் எழுத விடுவதில்லை. ஹன்னா அந்தக் காகிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

உனக்கு ஒரு பகுதியை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கிடங்கில் எலிதான் அதிகம். ரால்ஃப் மேல் நீ எந்தக் குறையும் நினைக்காதே. அவன் மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாக அவனுக்கு எழுது."

உன்மேல் நான் ஏன் குறை நினைக்கப் போகிறேன்? எங்கேயோ கிடங்கில் எலியோடு உட்கார்ந்துகொண்டு, இருப்பது ஒரு பக்கம், அதில் மூன்று வரியை உனக்காகச் செலவழித்திருக்கிறார். உன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் போல.

பைபஸ் அம்மாவுக்கு "எல்லோரும் உயிரோடு" என்ற வரியை நாலு தடவை படித்துக் காட்டினேன். "ஏன்டி, என் பையன் பேரத் தனியா எழுதலியா?" என்றாள். ஒரு பக்கத்தில் ஒன்பது பேர் பெயரையும் எப்படி எழுதுவார் என்று சமாதானம் சொன்னேன். ஒத்துக்கொண்டாள். நீ அனுப்பிய கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னை யாருன்னே தெரியாத ஆபீசர் எதுக்கு எனக்குக் கம்பளி குடுக்கறாரு?" என்று கேட்டாள். நீ சொல்ல வேண்டாம் என்றாய், எனக்குத்தான் வாய் நிற்கவில்லை.

உன்னைப் பற்றி நீ எதுவுமே எழுதுவதில்லை.

உன் அக்கா
டாரத்தி


விட்பி
பிப்ரவரி 11

ரால்ஃபுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? கப்பல் வெளியே போயிருக்கிறதா? ஷீர்னஸிலிருந்து வந்த ஒருவர் போன வாரம்கூட டன்லினைத் துறையில் பார்த்ததாகச் சொன்னார்.

பைபஸ் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பத்து நாளாகப் படுக்கை. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். டென்மார்க்குக்கு ஆள் போனால் கொடுக்க வேண்டும் என்று ஜோனஸுக்கு ஒரு மேல்சட்டை பின்னி முடித்துவிட்டாள். காய்ச்சலில், "அவங்க இவனுக்கு எழுதக் காகிதம் குடுக்கல போல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

உன் கையால் ஒரு வரி அனுப்பு. நலமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

டாரத்தி


'டன்லின்', ஷீர்னஸ்
பிப்ரவரி 19

அக்கா,

நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஜோனஸ் பைபஸ் டென்மார்க்கில் இல்லை. என் கப்பலில் இருக்கிறான். செப்டம்பர் 26-லிருந்து இங்கேதான் இருக்கிறான். இதை எழுதும்போது என் அறைக்கு மேலே அவன் நடக்கும் சத்தம் கேட்கிறது.

முழுக்கச் சொல்லிவிடுகிறேன். தளபதி பீரங்கி சுட்டு என்னை அவமானப்படுத்தினார் என்று எழுதினேனே, அதற்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கப்பலை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த கப்பல். 26-ஆம் தேதி மாலை பத்து ஆட்களோடு படகில் அமிட்டிக்குப் போனேன். விருந்துக்கு வருகிறேன் என்று நினைத்து அத்தான் பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டிருந்தார். என் ஆட்கள் இடுப்பில் வாளோடு ஏறுவதைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என்ன மச்சான் இது?"

"ரெண்டு பேர் வேணும் அத்தான். பாய் இழுக்க என்கிட்ட ஆளில்ல."

"முந்தாநாள் நீதானடா வாசிச்சுக் காட்டுன? மை காஞ்சிருக்காதே."

"எல்லாக் காவல் கப்பல்லயும் எடுக்கறாங்க."

"எடுக்கறவன் எல்லாம் அவனவன் அத்தான் கப்பல்லேர்ந்தா எடுக்கறான்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. வேறு எந்தக் கேப்டனிடம் எடுத்தாலும் அன்றைக்கே தளபதிக்கு எழுதிக் கொடுத்துவிடுவான். அத்தான் கொடுக்க மாட்டார். அதனால்தான் நூற்றிருபது கப்பலில் அவர் கப்பலுக்குப் போனேன். அவருக்கும் அது புரிந்துவிட்டது. "டாரத்தி தம்பியாப் போயிட்ட" என்றார்.

ஜோனஸையும் ஒரு ஷெட்லாந்துக்காரனையும் படகில் இறக்கினோம். "கேப்டன், எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான், கொஞ்சம் சொல்லுங்க" என்று அவன் அத்தானைப் பார்த்துக் கேட்டான். "அவன மட்டுமாவது விடு ரால்ஃப், சுக்கானுக்கு எனக்கு வேற ஆளில்ல" என்றார். எனக்கும் சுக்கானுக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. பதிவேட்டில் இரண்டு பேரும் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள் என்று எழுதினேன்.

அமிட்டி ஏன் பின்தங்கியது என்று கேட்டாய். மிச்சமிருந்த ஏழு பேரில் ஒருவனுக்குக் கை முறிந்திருந்தது. பெரிய பாயை ஏற்றவும் இறக்கவும் ஆள் போதவில்லை. அது பிடிபட்ட அன்று காலை நான் பக்கத்தில் போய்த் தகரக் குழலில், "இன்னும் பாய் போடுங்க!" என்று கத்தினேன். அது என் கடமை. அவர் மேல்தளத்திலிருந்து பதிலுக்குக் கத்தினார்: "ரெண்டு கை குறையுது லெப்டினன்ட்! எங்கயாச்சும் பார்த்தா அனுப்புங்க!" இரண்டு கப்பலிலும் சிரித்தார்கள். ஜோனஸ் சிரிக்கவில்லை. அவன் எனக்குப் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வடம் கட்டி அமிட்டியை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். காற்று விழுவதற்கு முன் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குத் தளபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால், நன்றாக ஓடுகிற கப்பலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். நான் கேட்கவில்லை அக்கா. அனுமதி கேட்கும் கொடியைக் கையில் எடுத்துக்கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பப் பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

இன்னும் இருக்கிறது. மாலுமி வீட்டுக்கு எழுதும் கடிதத்தின் உறைமேல் கப்பல் தலைவன் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் 30-ஆம் தேதி ஜோனஸ் முதல் கடிதத்தைக் கொண்டுவந்தான். கையெழுத்துப் போட்டேன். அதை அனுப்பினால் பைபஸ் அம்மா முதலில் உன்னிடம்தான் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். இரண்டு நாள் கழித்து அனுப்பலாம், அதற்குள் உனக்கு நானே எழுதிவிடலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். காத்திருக்கச் சொன்னது நான்தான் என்று நீ அழுது எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டும் எழுதவில்லை. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. மூன்றும் இழுப்பறையில் இருந்தன.

இன்று காலை அவன் என்னிடம் வந்தான். "ஐயா, எங்கம்மாவுக்கு எதாச்சும் ஆயிருக்குமா? மூணு கடுதாசி போட்டேன், பதிலே இல்ல" என்றான். குளிர்காலத்தில் தபால் அப்படித்தான் என்றேன். "நீங்க விட்பிக்கு எழுதறப்ப ஹார்லண்ட் அம்மாகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றான்.

மூன்று கடிதங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இது கிடைத்த உடனே ஓடிப் போய் அந்த அம்மாவிடம் கொடு. மகன் இங்கிலாந்திலேயே சுகமாக இருக்கிறான் என்று சொல்.

ரால்ஃப்


விட்பி
பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

பைபஸ் அம்மா சனிக்கிழமை, பதினேழாம் தேதி, போய்விட்டாள். நேற்று அடக்கம் செய்தோம். உடலைக் கோயில் படி மேலே ஏற்றிப் போக எட்டுப் பேர் வந்தார்கள். கடைசி நாள் நினைவு தெளிவாக இருந்தது. "அவன் வந்தா, நான் கோவிச்சுக்கலன்னு சொல்லு. எழுத முடிஞ்சா எழுதியிருப்பான்" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

டென்மார்க்கில் இருக்கிறவனுக்கு இதை எப்படித் தெரிவிப்பது? உனக்கு மேலே யாரிடமாவது கேட்டால் வழி கிடைக்குமா? விசாரி.

உன் அக்கா
டாரத்தி


விட்பி
பிப்ரவரி 26

ரால்ஃப்,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும்.

அக்டோபர் 30 என்று எழுதியிருக்கிறாய். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் என்னோடு படி ஏறினாள்.

ஜோனஸிடம் நீயே சொல். கடிதமாக எழுதிக் கொடுக்காதே, வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பாதே. அவள் சொன்ன வார்த்தையையும் சேர்த்துச் சொல். பிறகு தளபதியிடம் போய் உண்மையைச் சொல். இரண்டும் முடிகிறவரை எனக்கு எழுதாதே.

டாரத்தி


ஹார்விச்
மார்ச் 15

அக்கா,

நீ சொன்ன இரண்டும் முடிந்துவிட்டன.

கடலில் இருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு ஜோனஸை அறைக்குக் கூப்பிட்டேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஜோனஸ், உங்கம்மா தவறிட்டாங்க. பிப்ரவரி பதினேழு."

"என் கடுதாசி ஒண்ணாவது கெடச்சுதா ஐயா அவங்களுக்கு?" என்றான்.

"இல்ல. நான் அனுப்பல. மூணையும் நானே வச்சிருந்தேன்."

அவனுக்கு விளங்கவில்லை. "கையெழுத்துப் போட்டீங்களே ஐயா. நான் பாத்துட்டு நின்னேனே" என்றான்.

ஏன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டென்மார்க்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டேதான் அவள் போனாள் என்பதையும், அவள் கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலே மணி அடித்தது. "சுக்கானுக்கு நேரமாச்சு ஐயா" என்றான். போய் இரண்டு மணி நேரம் சுக்கான் பிடித்தான். கப்பல் போக்கு ஒரு இம்மிகூட விலகவில்லை.

தளபதியிடம் எழுத்தில் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். ஆள் எடுத்ததையும் பதிவேட்டில் பொய் எழுதியதையும் விசாரணை மன்றம் பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "வடம் கேட்டிருந்தா அனுமதி குடுத்திருப்பேனே. ஏன் கேக்கல?" என்றார்.

கப்பலை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை அடுத்த மாதம். ஜோனஸையும் ஷெட்லாந்துக்காரனையும் விடுவித்து உத்தரவு வந்துவிட்டது. படகில் இறங்கும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருக்கிறேன். முகவரி உறையில் இருக்கிறது.

ரால்ஃப்


விட்பி
ஜூன் 17

ரால்ஃபுக்கு,

உன் அத்தான் வந்துவிட்டார். பரிமாற்றத்தில் அனுப்பப்பட்ட முதல் கப்பலிலேயே ஏழு பேரும் வந்தார்கள். பாதி ஆளாக இருக்கிறார். ஒரு காது கேட்கவில்லை. ஹன்னா முதல் நாள் கிட்டே போகவில்லை, இப்போது மடியை விட்டு இறங்குவதில்லை.

விசாரணையில் உன்னைச் சேவையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

அவரிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். நீ ஆள் எடுத்ததைப் பற்றி, "அவன் நெலமைல நானும் எடுத்திருப்பேன்டி. ஆளில்லாத கப்பல் எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றார். நீ வடம் கேட்காததைச் சொன்னேன். "பயந்துட்டான்" என்றார். அதுவும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு ஜோனஸின் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். "அவன் அம்மாவுக்கு எழுதியிருப்பான்னுதானே நான் என் கடுதாசில அவன் பேரையே எடுக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். பாலம்வரைக்கும் போய்விட்டு வந்தார்.

ஜோனஸ் ஏப்ரலிலேயே வந்துவிட்டான். அந்த மூன்று கடிதங்களையும் நான் பிரிக்கவில்லை. அவன் எழுதியதை அவனிடமே கொடுத்தேன். வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்ன பேசுவாள் என்று கேட்டான். எனக்கு ஞாபகம் இருந்ததை எல்லாம் சொன்னேன். படியில் எங்கே எங்கே நிற்பாள் என்றுகூடக் கேட்டான். இப்போது கயிறு முறுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறான். கடலுக்குப் போக மாட்டேன் என்கிறான்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை என்னால்தான் எல்லாம் என்று நான் என்னையே தின்றுகொண்டிருந்தேன். நீ அதைப் படித்துக்கொண்டு, யாருடைய தவறும் இல்லை என்று பதில் எழுதினாய். அதை மன்னிப்பது என்னைச் சேர்ந்தது. அதை விட்டுவிட்டேன். நிஜமாகவே விட்டுவிட்டேன் ரால்ஃப். கப்பலைப் பற்றியது உன் அத்தானைச் சேர்ந்தது. அவரும் விட்டுவிட்டார். மீதி எங்கள் இரண்டு பேர் கையிலும் இல்லை.

ஜோனஸ் அதே சர்ச் தெரு அறையில்தான் இருக்கிறான். அவனுக்கு எழுது. பதில் வருமா என்று என்னால் சொல்ல முடியாது. உறைமேல் என் விலாசத்தைப் போடு. அவன் கையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உன் அக்கா
டாரத்தி